வாயால் எடுக்கும் வளர்ச்சி ஓமோன் தூண்டிகள்: ஆய்வுகளை வாசிக்கத் தொடங்குவோருக்கு

வளர்ச்சி ஓமோனைக் குளிசையாக விழுங்கிப் பயனில்லை. 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் அது. இரைப்பைக்கு அதுவும் மத்தியானம் தின்ற பாரை மீனும் ஒன்றுதான், இரண்டையும் அரைத்துச் செரித்துவிடும். அதனால்தான் வளர்ச்சி ஓமோன் எப்போதும் ஊசியாகவே வருகிறது. இங்கே பேசப்போகும் குளிசைகளின் வேலை வேறு. அவை ஓமோனைக் கொண்டுவருவதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரபியிடம் ஏற்கெனவே உள்ளதை வெளியே விடச் சொல்கின்றன.

கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலோ படிப்பவர், தாதியர் பயிற்சியில் இருப்பவர், ஜிம் பயிற்றுநர், பிள்ளை உயரவில்லையே என்று இரவில் கூகிளில் தேடும் தாய் தகப்பன் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அது உண்மையில் என்ன சொல்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி இது. குளிசை எடுப்பதற்கான வழிகாட்டி அல்ல. அதற்கான காரணம் வாசித்துக்கொண்டு போகும்போதே விளங்கும்.

முதற்படி: மதகை விளங்கிக்கொள்ளுங்கள்

உன்னிச்சைக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளம்தான் கபச்சுரபி. மதகைத் திறக்க ஒரு கை, மூட ஒரு கை. இரண்டும் கபச்சுரபிக்கு மேலே மூளையில் இருக்கும் பரிவகக்கீழ் என்ற பகுதியிலிருந்து வருபவை. திறக்கும் கைக்கு வளர்ச்சி ஓமோன் விடுவிப்பு ஓமோன் என்று பெயர், மூடும் கைக்கு சோமட்டோஸ்டாட்டின். இந்த இரண்டின் இழுபறியால் வளர்ச்சி ஓமோன் ஒரே சீராக ஓடாமல் விட்டு விட்டுத் துடிப்பாக வருகிறது. இரவில் ஆழ்ந்து தூங்கத் தொடங்கியதும் வருவதுதான் பெரிய துடிப்பு.

மூன்றாவது கை ஒன்றும் உண்டு. அது வயிற்றிலிருந்து வருகிறது: கிரெலின். திறக்கும் கைக்கு உதவி, மூடும் கையைச் சற்றுத் தடுத்து, இரண்டு வேலையையும் செய்யும். பசியைக் கிளப்புவதும் இதுதான். கிரெலின் ஒட்டும் ஏற்பியில், அதாவது திறப்புக்குப் பூட்டுப் போல ஓமோனுக்கென்று கலத்தில் இருக்கும் இடத்தில், போய் ஒட்டும்படி செய்யப்பட்டவைதான் இந்த மருந்துகளில் பெரும்பாலானவை. ஆகவே இவற்றை எடுத்தவருக்குப் பசி கூடினால் அதைப் பக்கவிளைவு என்று சொல்வதே ஓரளவு பிழை. மருந்து செய்யவேண்டிய வேலைகளில் ஒன்றுதான் அது.

ஓடிய தண்ணீர் வயலுக்குப் போகிறது. வயல் இங்கே ஈரல். ஈரல் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஓமோனைச் செய்து இரத்தத்தில் விடும். அது கூடினால் "வயல் நிறைந்துவிட்டது, மதகை மூடு" என்று மேலே செய்தி போகும், வயல் தண்ணீரைக் கவனிக்கும் வட்டவிதானை ஆள் அனுப்புவது மாதிரி. ஊசியாகக் குத்தும் வளர்ச்சி ஓமோன் பவுசரில் கொண்டுவந்து ஊற்றும் தண்ணீர்; மதகை மூடினாலும் அது நிற்காது. குளிசை மதகை அசைப்பதோடு சரி, ஆகவே இந்தத் தடுப்புச் செய்தி அதன்மேலும் ஓரளவு வேலை செய்யும். குளமே வற்றிப்போன ஆளுக்கு, அதாவது கட்டியாலோ கதிர்வீச்சாலோ கபச்சுரபி பழுதானவருக்கு, எந்தக் குளிசையும் தண்ணீர் தராது. இதை மறந்தவர்தான் "எல்லாருக்கும் வேலை செய்யும்" என்று எழுதுவார்.

இரண்டாம் படி: பெயர்களைப் பிரித்தெடுங்கள்

புதிதாக வருபவர் முதலில் தடுக்கி விழும் இடம் பெயர்தான். ஒரே மருந்துக்கு ஆய்வுகூட எண், பொதுப்பெயர், வியாபாரப் பெயர் என மூன்று இருக்கும். தேடும்போது மூன்றையும் போட்டுத் தேட வேண்டும்.

கதை அமெரிக்காவின் டியூலேன் பல்கலைக்கழகத்தில் சிரில் பவர்ஸ் என்பவரின் ஆய்வோடு தொடங்குகிறது. வலி போக்கும் இயற்கைப் பொருள் ஒன்றின் வடிவத்தை மாற்றிக்கொண்டுபோய், கபச்சுரபியைத் தூண்டும் சிறு பெப்ரைட்டுகளை, அதாவது சில அமினோ அமிலங்கள் மட்டும் கோத்த சிறு புரதத் துண்டுகளை, அவருடைய குழு செய்தது. ஆறு அமினோ அமிலம் கொண்ட ஜி.எச்.ஆர்.பி-6 அவற்றில் பேர்போனது. ஆனால் அதுவும் பெப்ரைட். விழுங்கினால் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். இதே வேலையைச் செய்யும், ஆனால் வயிற்றில் அழியாத பொருளை மேர்க் என்ற மருந்து நிறுவனத்தார் தேடினார்கள். 1995இல் எம்.கே-677 பற்றி எழுதினார்கள். பொதுப்பெயர் இபுட்டாமோரென். அது போய் ஒட்டும் ஏற்பியை 1996இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஏற்பிக்கு உடம்பிலேயே இருக்கும் உரிய பொருளான கிரெலினை ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து பிரித்தெடுத்தது 1999இல். கள்ளத் திறப்பு முதலில், பூட்டு பிறகு, அசல் திறப்பு கடைசியில்! மருந்தியலில் இப்படித் தலைகீழாக நடந்த கதைகள் அதிகம் இல்லை.

அதே குடும்பத்தில் இன்னும் மூன்று பெயர்களைத் தெரிந்திருந்தால் போதும்.

கப்ரோமோரெலின் முதியோருக்காக ஆராயப்பட்டது. கடைசியில் அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது நாய்களுக்கு, பசி வருவதற்கு. பிறகு பூனைகளுக்கும்.

அனமோரெலின் புற்றுநோயால் உடல் உருகுபவர்களுக்கு. நாளுக்கு 100 மில்லிகிராம். ஐரோப்பாவில் 2017இல் மறுத்தார்கள், ஜப்பானில் 2021இல் அனுமதித்தார்கள். ஒரே மருந்து, இரண்டு தீர்ப்பு; ஏன் என்று கீழே பார்ப்போம்.

மசிமோரெலின் சிகிச்சைக்கே அல்ல, பரிசோதனைக்கு. வளர்ந்தவர் ஒருவருக்கு வளர்ச்சி ஓமோன் குறைபாடு இருக்கிறதா என்று அறிய 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அளவு, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 60 மில்லிகிராம் பொடியை 120 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைப்பதால், ஆள் எத்தனை கிலோவோ அத்தனை மில்லிலீற்றர் குடிக்க வேண்டும். 64 கிலோ என்றால் 64 மில்லிலீற்றர். முன்னதாக எட்டு மணித்தியாலம் வெறும் வயிறு. 30, 45, 60, 90 நிமிடங்களில் இரத்தம் எடுப்பார்கள். நான்கிலும் மிகக் கூடிய அளவே 2.8 நானோகிராம்/மில்லிலீற்றருக்குக் கீழே என்றால் குறைபாடு. இருதய மின்வரைபடத்தில் ஒரு இடைவெளியை இது நீட்டும் என்பதால், அதே இயல்புள்ள வேறு மருந்து எடுப்பவருக்குக் கவனம் தேவை.

இந்தக் குடும்பத்தைச் சேராத, ஆனால் வாயால் எடுத்தால் வளர்ச்சி ஓமோனைக் கிளப்பும் பழைய மருந்தும் உண்டு: குளோனிடின். பிரஷருக்கான குளிசை அது. பிள்ளைகளின் குறைபாட்டுப் பரிசோதனைக்குப் பயன்படுகிறது. குடித்தபின் பிள்ளை தூங்கி வழியும், பிரஷர் இறங்கும். அதனால் முடியும்வரை கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இணையக் கடைகள் எம்.கே-677ஐ "சார்ம்" என்ற வகையோடு சேர்த்து விற்கின்றன. சார்ம் என்பது ஆண் ஓமோன் ஏற்பியில் வேலை செய்யும் பொருள். எம்.கே-677 அது அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதப்பட்ட பக்கத்தில் மற்ற விபரங்களையும் நம்ப வேண்டியதில்லை.

மூன்றாம் படி: ஒரு கட்டுரையை முழுதாக உரித்துப் பாருங்கள்

மருத்துவக் கட்டுரைகளை இணையத்தில் தேடும் பப்மெட்டில் இபுட்டாமோரென், எம்.கே-677 இரண்டையும் போட்டுத் தேடுங்கள். மனிதரில் நடந்தவை, மருந்தில்லாத வெற்றுக் குளிசையோடு ஒப்பிட்டவை என்று வடிகட்டுங்கள். எலி ஆய்வை இப்போதைக்கு விடுங்கள். பழக ஏற்றது 2008இல் அனல்ஸ் ஒஃப் இன்டர்னல் மெடிசின் சஞ்சிகையில் வந்த ஆய்வு. ஆரோக்கியமான 65 பேர், வயது 60 முதல் 81 வரை, நாளுக்கு 25 மில்லிகிராம் எம்.கே-677 அல்லது வெற்றுக் குளிசை.

முடிவுரையிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு கொப்பியில் ஐந்து வரி போடுங்கள்: யார், எத்தனை பேர், எவ்வளவு, எத்தனை நாள், எதை அளந்தார்கள். ஐந்தாவது வரிதான் கழுத்து. மற்ற நான்கும் சரியாக இருந்து ஐந்தாவது பிழைத்தால் ஆய்வு உங்களுக்கு உதவாது.

இந்த ஆய்வில் ஓமோன் ஏறியது. நன்றாகவே ஏறியது: வளர்ச்சி ஓமோனும் ஐ.ஜி.எஃப்-1உம் இளம் வயதினரின் அளவுக்கு வந்தன. விற்பவர் இந்த வரியோடு நிறுத்திவிடுவார். நீங்கள் கீழே போங்கள். ஒரு வருட முடிவில் கொழுப்பில்லாத எடை, மருந்து எடுத்தவரில் சராசரியாக 1.1 கிலோ கூடியது, வெற்றுக் குளிசைக்காரரில் 0.5 கிலோ குறைந்தது. இதுவும் நல்ல செய்தி மாதிரித்தான். பக்கத்து வரியைப் பாருங்கள்: மொத்த எடை மருந்துக்காரரில் 2.7 கிலோ கூடியிருக்கிறது, மற்றவரில் 0.8. இரண்டே ஏழிலிருந்து ஒன்றே ஒன்றைக் கழித்தால் 1.6. ஏறிய எடையில் பாதிக்கு மேல் தசைக் கணக்கில் வராது.

அந்த 1.1 கிலோவும் முழுக்கத் தசையா? கொழுப்பில்லாத எடை என்றால் கொழுப்புப் போக மீதி எல்லாம்: தசை, உறுப்பு, தண்ணீர். வளர்ச்சி ஓமோன் உப்பையும் தண்ணீரையும் உடம்பில் பிடித்துவைக்கும். ஸ்கேன் மெஷினுக்கு இறுகிய தசையும் ஊறிய தண்ணீரும் ஒரே நிறம். செருப்பைக் கழற்றியபின் கால் மேல்புறத்தில் வாரின் தடம் பள்ளமாக நிற்கிறதே, அந்த வீக்கமும் அறிக்கையில் "கொழுப்பில்லாத எடை" என்றுதான் விழும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி பலம் கூடியதா என்பதுதான். அளந்தார்கள். தசைப்பலமும் நடமாட்டமும் மாறவில்லை. இந்த ஒரு வசனத்துக்காகத்தான் கட்டுரையை முழுதாக வாசிக்கச் சொல்கிறோம்.

இதே ஓட்டை அனமோரெலினிலும் உண்டு. நுரையீரல் புற்றுநோயாளரில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும், 12 வாரத்தில் கொழுப்பில்லாத எடை கூடியது. கைப்பிடிப் பலம் கூடவில்லை. தன் நாட்டு ஆய்வுகளில் கண்ட எடையும் பசியும் போதும் என்று ஜப்பான் நினைத்தது, இந்த இரண்டு ஆய்வுகளும் போதாது என்று ஐரோப்பா நினைத்தது. உருகிப்போகும் நோயாளி ஒருவருக்கு நாலு வாய் சோறு கூட இறங்குவதே பெரிது என்று நினைக்கும் வைத்தியரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்த நியாயத்தைக் கொண்டுபோய் 22 வயதுப் பொடியனுக்குப் பொருத்தக் கூடாது.

நான்காம் படி: அலகை மாற்றிப் பாருங்கள்

ஆய்வுகள் இரத்தச் சீனியை மில்லிமோல்/லீற்றரில் எழுதும். நமது ஆய்வுகூட ரிப்போர்ட் பெரும்பாலும் மில்லிகிராம்/டெசிலீற்றரில் வரும். 18ஆல் பெருக்குங்கள். 2008 ஆய்வில் வெறும்வயிற்றுச் சீனி சராசரியாக 0.28 ஏறியது என்று வாசிக்கும்போது ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். 18ஆல் பெருக்கினால் 5. வெறும்வயிற்றில் 97 இருந்தவர் 102க்கு வருவார், அதாவது 100 என்ற கோட்டைத் தாண்டி, சீனி வருத்தத்துக்கு முந்தின படிக்குள் காலை வைத்துவிடுவார். இது சராசரிதான், சிலருக்குக் கூட ஏறும். அதே ஆய்வில் இன்சுலினுக்கு உடம்பு இணங்குவதும் குறைந்தது. காலையில் பிட்டு, மத்தியானம் சோறு, இரவுக்கு இடியப்பம், நடுவில் சீனி போட்ட பால்தேநீர் என்று ஓடும் உடம்புக்கு, பசியையும் கூட்டி இன்சுலினையும் மந்தமாக்கும் குளிசை என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வளர்ச்சி ஓமோனுக்கும் இரண்டு அலகு உண்டு. நானோகிராம்/மில்லிலீற்றரை மூன்றால் பெருக்கினால் மில்லிசர்வதேச அலகு/லீற்றர். 2.8 என்ற வெட்டுக்கோடு இந்த அலகில் 8.4. இந்த அலகில் 6 என்று வந்த அறிக்கையை 2.8ஓடு ஒப்பிட்டுத் "தாராளமாக இருக்கிறது" என்று முடிவெடுத்தால் நோயாளி தவறிப்போவார்.

இன்னொரு பொறி. வளர்ச்சி ஓமோன் இரத்தத்தில் தங்குவது சொற்ப நேரம், சுமார் 20 நிமிடத்தில் பாதியாகும். ஆகவே எழுந்தமானமாக ஒரு முறை எடுத்த இரத்தத்தில் அது பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தாலும் அர்த்தமில்லை, எகிறி இருந்தாலும் அர்த்தமில்லை. கடும் உடற்பயிற்சி, பட்டினி, தூக்கம் எல்லாமே அதை ஏற்றும். "குளிசை போட்டேன், ஜிம்முக்குப் போனேன், டெஸ்ட் பண்ணினேன், பத்து மடங்கு" என்று யாராவது ரிப்போர்ட் காட்டினால் அது குளிசையின் சாட்சி அல்ல. நாள் முழுதும் நிதானமாக இருப்பது ஐ.ஜி.எஃப்-1. அதையும் வயதுக்குரிய எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும். 18 வயதில் சரியான எண் 60 வயதில் அதிகம்.

ஐந்தாம் படி: நின்றுபோன ஆய்வுகளைத் தேடுங்கள்

நடந்து முடிந்து நன்றாக வந்தவை தானாகவே கண்ணில் படும். மற்றவற்றை நாம்தான் தேடிப்போக வேண்டும். இரண்டைக் கட்டாயம் வாசியுங்கள்.

ஒன்று, இடுப்பெலும்பு முறிந்த முதியோர் 123 பேரில் எம்.கே-677ஐச் சோதித்தது, 2011இல் வெளிவந்தது. சிலரில் இருதயச் செயலிழப்பு தென்பட்டதால் ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். தண்ணீர் பிடித்துவைக்கும் மருந்தைப் பலவீனமான இருதயத்துக்குக் கொடுத்தால் இப்படி ஆகலாம் என்று முதற்படியிலேயே ஊகித்திருக்கலாம்.

மற்றது அல்சைமர் நோயாளர் 563 பேரில் 12 மாதம் நடந்தது. ஐ.ஜி.எஃப்-1 ஏறினால் மூளையில் படியும் புரதம் கழுவுப்படும் என்று விலங்குகளில் கண்டதை நம்பித் தொடங்கினார்கள். ஐ.ஜி.எஃப்-1 ஏறக்குறைய 73 வீதம் ஏறியது. நோய் போன வேகம் கொஞ்சமும் குறையவில்லை. குளிசை தன் வேலையைச் செய்தது, நோய் தன் வேலையைச் செய்தது.

நம் நாட்டில் ஏதாவது ஆய்வு நடக்கிறது என்று யாராவது சொன்னால், இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் சிகிச்சைப் பரிசோதனைப் பதிவேட்டில் அதன் எண் இருக்கிறதா என்று பாருங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி, தமிழில் எழுதிய சம்மதப் பத்திரம், பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்ற வரி ஆகிய மூன்றும் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம். பங்கெடுக்க உங்களிடமே காசு கேட்டால் அது ஆய்வே அல்ல, வியாபாரம்.

ஆறாம் படி: போத்தல் கைக்கு வந்தால்

லேபிளில் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல" என்று இருக்கும். சின்ன எழுத்தில் போட்டாலும் அதைப் பெரிதாக வாசியுங்கள்: உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு என்பதற்கு விற்பவர் பொறுப்பேற்க மாட்டார் என்று அர்த்தம். ஆய்வில் கொடுத்த 25 மில்லிகிராம் தரக்கட்டுப்பாட்டோடு செய்த குளிசை. போத்தலில் இருக்கும் 25 வெறும் அச்சு. எம்.கே-677 எந்த நாட்டிலும் மனிதருக்கான மருந்தாக அனுமதிக்கப்பட்டதல்ல. இலங்கையில் மருந்து விற்க 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு வேண்டும். "இது சப்ளிமென்ட்தானே" என்ற பதில் இங்கே செல்லாது. ஏற்பியில் ஒட்டி ஓமோனை மாற்றும் பொருள் கஞ்சிமா அல்ல.

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஓடும் பிள்ளைகளுக்கும் பந்தடிக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு வரி: இபுட்டாமோரென், கப்ரோமோரெலின், அனமோரெலின், மசிமோரெலின் எல்லாம் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் பட்டியலில் எஸ்-2 பிரிவில் உள்ளன. போட்டி நாளில் மட்டுமல்ல, எந்த நாளும் தடை. "பயிற்றுநர் தந்தார், எனக்குத் தெரியாது" என்று சொன்னாலும் உடம்பில் இருந்ததற்கு ஓடியவர்தான் பொறுப்பு.

ஏழாம் படி: ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவருக்கு

ஏசிப் பயனில்லை. ஏசினால் மறைப்பார், மறைத்தால் ஆஸ்பத்திரியில் காரணம் தெரியாமல் தேடுவார்கள். போத்தலைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை, கூட வேறு என்ன எடுக்கிறார் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். வைத்தியரிடம் கேட்க வேண்டியவை வெறும்வயிற்றுச் சீனி, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி, பிரஷர், வசதி இருந்தால் ஐ.ஜி.எஃப்-1. குடும்பத்தில் சீனி வருத்தம் இருந்தால் முதல் இரண்டையும் தள்ளிப்போட வேண்டாம்.

மோதிரம் இறுகுவது, விடியற்காலையில் விரல்கள் மரத்துப்போவது, கணுக்கால் வீங்குவது எல்லாம் தண்ணீர் தேங்குவதன் அடையாளங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். புற்றுநோய் இருந்தவர், இருப்பவர் தாமாக இதைத் தொடவே கூடாது, ஐ.ஜி.எஃப்-1 கலங்களைப் பெருகச் சொல்லும் ஓமோன், எந்தக் கலம் என்று அது பார்ப்பதில்லை.

பிள்ளை உயரவில்லை என்றால்

வளர்ந்தவரின் எலும்பு முனைகள் மூடிவிட்டன. அவருக்கு எந்தத் தூண்டியாலும் உயரம் வராது. பிள்ளைகளில் எம்.கே-677 ஆராயப்பட்டிருக்கிறது, ஆனால் எல்லாப் பிள்ளைகளிலும் அல்ல. முதலில் ஒரு வேளை கொடுத்துப் பார்த்து, கபச்சுரபி பதில் சொன்ன, ஓரளவான குறைபாடுள்ள பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, தினசரி ஊசியோடு ஒப்பிட்டார்கள். கடையில் வாங்கிக் கொடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் செய்யக்கூடியது ஒழுங்காக அளப்பது. சீமெந்துச் சுவரில் செருப்பில்லாமல் குதிகால், பிருட்டம், முதுகு மூன்றும் படிய நிறுத்துங்கள். கண் நேரே பார்க்க வேண்டும். தலையில் கொப்பியைத் தட்டையாக வைத்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, நிலத்திலிருந்து கோடு வரை நாடாவால் அளவெடுங்கள். எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும், ஏனென்றால் பகலில் முள்ளந்தண்டு அமுங்கிப் பின்னேரத்தில் பிள்ளை சற்றுக் குறைவாகக் காட்டும். காலையில் ஒன்று, ஆறு மாதம் கழித்துப் பின்னேரத்தில் ஒன்று என்று எடுத்தால் வளர்ந்த பிள்ளையும் வளராத மாதிரித் தெரியும். மாதாமாதம் அளப்பதும் வீண், பிழையின் அளவு வளர்ச்சியின் அளவைவிடப் பெரிதாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மூன்று தடவை. நாலு வயதுக்கும் பருவமடைவதற்கும் இடையில் வருடத்துக்கு 5 சென்ரிமீற்றருக்குக் குறைவாக ஏறினால், அந்த மூன்று அளவையும் கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு பிள்ளை வைத்தியரிடம் போங்கள். இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே, தைரொயிட் பரிசோதனை என்று அங்கிருந்துதான் தொடங்கும்.